கட்டிப்போட்ட கை

மூன்றாம் மணி அடித்து ஓய்ந்ததும் சுகிர்தம் தன் இடத்துக்கு வந்து நின்றாள், தெற்குப் பக்கத்து இரண்டாவது தூணுக்கு அருகில், பீடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பீடத்துக்கு முதுகைக் காட்டி ஆராதனை முழுக்க நிற்க உரிமை உள்ள ஒரே ஆள் அந்த ஆலயத்தில் அவள்தான், ஏனென்றால் அவள் முகம் இருக்கவேண்டிய பக்கத்தில் இரண்டு பெஞ்சு நிறைய ஏழு பேர் காது கேளாதவர்கள், அவர்களுக்குக் குருவானவர் சொல்வதையெல்லாம் கையால் சொல்லவேண்டியது அவள் வேலை, சம்பளம் இல்லாத வேலை, முப்பது வருஷமாக. எட்டாவது ஆள் ஜெமிமா இன்றைக்கு அந்தப் பெஞ்சில் இல்லை, முன்வரிசையில் வெள்ளைச் சேலையும் வெள்ளை முக்காடுமாக மற்ற பதினாறு பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறாள், பேராயர் வந்திருக்கிறார், இன்றைக்குத் திடப்படுத்தல், விசுவாசத்தை அறிக்கையிட்டுச் சபையில் முழு அங்கமாகிற நாள். மற்றப் பிள்ளைகளெல்லாம் பதினாலு பதினைந்து வயது, ஜெமிமாவுக்கு இருபத்தாறு, ஊமைப்பிள்ளைக்கு என்னத்துக்கு என்று அவள் அப்பா அந்தக் காலத்தில் விட்டுவிட்டார், இப்போது கலியாணம் கூடி வந்தபிறகுதான் திடப்படுத்தல் இல்லாமல் கோயிலில் கலியாண அறிவிப்பு ஓலை வாசிக்கமாட்டார்கள் என்பது அந்த வீட்டுக்கு உறைத்தது. அடுத்த ஞாயிறு முதல் ஓலை, அதற்கடுத்த இரண்டு ஞாயிறுகளில் மற்ற இரண்டு ஓலையும் வாசித்துவிட்டால் கலியாணம். மாப்பிள்ளையின் அம்மா சாயர்புரத்திலிருந்து காலையிலேயே வந்து மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள், மருமகள் எப்படி நடக்கிறாள், எப்படி முழங்கால் போடுகிறாள் என்று பார்க்க. பார்த்துக்கொள்ளட்டும், பிள்ளைக்கு என்ன குறை, தையல் மிஷினில் உட்கார்ந்தால் ஒரு நாளைக்கு எட்டு ஜாக்கெட் தைப்பாள். முதல் பாட்டு தொடங்கியது. சுகிர்தம் கையைத் தூக்கினாள்.

பாட்டுக்குக் கை அசைப்பது கஷ்டம் இல்லை, அது தானாக நடக்கும், அதனால்தான் பாட்டு நேரத்தில் மனசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிடும். எதிரே பெஞ்சில் தேவசகாயம் ஏற்கெனவே கண்ணை மூடிவிட்டார், அவருக்குப் பிடிக்காத பாட்டு போலிருக்கிறது, காது கேட்கிறவர்கள் கோயிலை விட்டு வெளியே போகவேண்டுமென்றால் எழுந்து நடக்கவேண்டும், தேவசகாயத்துக்குக் கண்ணை மூடினால் போதும். இயேசு என்று பாட்டில் வரும்போதெல்லாம் சுகிர்தத்தின் நடுவிரல் இடது உள்ளங்கையைத் தொடும், பிறகு மற்ற நடுவிரல் வலது உள்ளங்கையைத் தொடும், ஆணித் தழும்பு இங்கே, ஆணித் தழும்பு இங்கே, அதுதான் அவர் பெயர். கடவுள் என்றால் ஆள்காட்டி விரல் மேலே போகவேண்டும். இயேசு கடவுள் என்று சொல்லவேண்டுமானால் உள்ளங்கை, உள்ளங்கை, பிறகு மேலே. உள்ளங்கையிலிருந்து தலைக்கு மேலே விரல் போய்ச் சேர எத்தனை நேரம் ஆகும், அரை விநாடி, அந்த அரை விநாடியில்தான் பதினோரு வருஷமாக அவள் தங்கியிருக்கிறாள். கை மேலே போகிறது. அவள் போவதில்லை. கை என்னுடையது, வார்த்தை என்னுடையது இல்லை, இதைத்தான் அவள் ஒவ்வொரு ஞாயிறும் தனக்குச் சொல்லிக்கொள்வாள், நல்ல சமாதானம், தபால்காரன் கடிதத்துக்குப் பொறுப்பாவானா என்ன. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தொன்பது வருஷம் இருந்தாள், எத்தனை பேர் பொய் அவள் கை வழியாகப் போயிருக்கும், லைன் போட்டுக் கொடுத்தவளுக்கு யார் என்ன பேசினால் என்ன. ஆனால் அங்கே அவள் 'நான்' என்று சொன்னதில்லை. இங்கே 'நான்' என்று சொல்லவேண்டியிருக்கிறது, அதுதான் தொந்தரவு.

'நான்' என்று சொல்லப் பழக்கினது அம்மா. அம்மாவுக்குக் காது பிறவியிலேயே இல்லை, அன்னபாக்கியம் என்று பெயர், தன் பெயரை ஒருவர் கூப்பிட்டுக் கேட்டதே இல்லை. அப்பா செத்தபிறகு ரேஷன் கடைக்கும் தாலுகா ஆபீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் சுகிர்தத்தை இழுத்துக்கொண்டு போவாள், ஏழு வயசுப் பிள்ளையை. முதல் தடவை ரேஷன் கடையில் 'எங்க அம்மா சொல்லுதாங்க, சீனி வேணுமாம்' என்று சுகிர்தம் சொன்னபோது கடைக்காரர் அம்மாவைப் பார்க்கவே இல்லை, பிள்ளையையே பார்த்துப் பேசினார், அம்மா அங்கே நிற்கிற மூட்டை மாதிரி ஆகிவிட்டாள். வெளியே வந்ததும் அம்மா கையால் பொரிந்து தள்ளினாள். அம்மா சொல்லுதாங்கன்னு சொல்லாதே, நான்னு சொல்லு, என் வாயை நீ இரவல் வாங்கலை, உன் வாயை நான் வாங்கியிருக்கேன், அந்த நேரத்துக்கு அது என் வாய். அன்றிலிருந்து ஏழு வயசுப் பிள்ளை தாலுகா ஆபீசில் போய் நின்று, 'எனக்குப் புருஷன் செத்து ரெண்டு மாசம் ஆச்சு, விதவைப் பணத்துக்கு மனு கொடுக்க வந்திருக்கேன்' என்று சொல்லும், கிளார்க்குகள் எல்லாரும் சிரிப்பார்கள், டாக்டரம்மாவிடம் போய், 'எனக்கு மாசம் பத்து நாள் ஆகியும் நிக்கல' என்று சொல்லும், அர்த்தம் தெரியாமலே. சிரிக்கட்டும் என்று அம்மா நிமிர்ந்து நிற்பாள். பழகப் பழக அது எவ்வளவு படிந்துவிட்டதென்றால், அம்மாவுக்குத் தலைவலி என்றால் சுகிர்தம் தன் நெற்றியைத்தான் பிடித்துக்கொள்வாள். கலியாணப் பேச்சு வந்தபோதுகூட, பெண்ணுக்குச் சம்மதமா என்று வந்தவர்கள் கேட்டார்கள், அம்மா ஏதோ கை அசைத்தாள், சுகிர்தம் 'எனக்குச் சம்மதம்' என்றாள், யாருடைய நான் அது என்று யாருக்கும் தெரியவில்லை, அவளுக்கும்தான், கடைசியில் வேறெதற்கோ அந்தச் சம்பந்தம் நின்றுபோனது, பிறகு வேறு வரவில்லை, அம்மாவும் அவளுமாக இருந்துவிட்டார்கள். வீட்டில் சத்தமே இருக்காது. பேச்சு மட்டும் ஓயாது.

பாட்டு முடிந்தது, எல்லாரும் உட்கார்ந்தார்கள், பாவ அறிக்கை. தேவசகாயம் கண்ணைத் திறந்தார், பாவம் என்றால் அவருக்கு இஷ்டம். சுகிர்தத்தின் முதுகில் வேர்வை ஒரு கோடாக இறங்கியது. பேராயர் குரல் நன்றாக இருக்கிறது, தெளிவாக, இடம் விட்டுப் பேசுகிறார், இப்படிப் பேசினால் கைக்கு எவ்வளவு சௌகரியம். காலையில் உடை மாற்றும் அறையில் அவர் சுகிர்தத்தைக் கூப்பிட்டனுப்பினார், நல்ல மனுஷர், எழுந்து நின்று பேசினார். "அம்மா, மற்றப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து பதில் சொல்லிருவாங்க. அந்தப் பிள்ளைகிட்ட மட்டும் நான் தனியாக் கேக்கணும்னு நினைக்கேன். கூட்டத்தோட கூட்டமாத் தலையாட்டிட்டுப் போச்சுன்னு நாளைக்கு யாரும் சொல்லிரக் கூடாது பாருங்க. அது கையால சொல்லட்டும், நீங்க மைக்ல சொல்லுங்க, சபை கேக்கட்டும்." குருவானவர் ஜெயசீலன் பக்கத்தில் நின்று, "சுகிர்தம் அக்கா பாத்துக்கிடுவாங்க ஐயா, அவிய இல்லன்னா எங்களுக்குக் கையும் ஓடாது" என்று தன் சிலேடையைத் தானே ரசித்துச் சிரித்தார். அவளும் சிரித்துவைத்தாள். அவர் கேட்கப்போகிற கேள்வி அவளுக்குத் தெரியும், மூன்று மாசமாக ஜெமிமாவுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவளே அவள்தானே, குருவானவருக்குக் கைமொழி தெரியாது, வேறு யார் இருக்கிறார்கள். நம்பாதவள் நம்பிக்கைப் பாடம் எடுத்தாள், தையல்கடையின் பின்கட்டில், நூல்கண்டுகளுக்கு நடுவில், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல். ஒரு நாள் ஜெமிமா பாடத்தை நிறுத்திவிட்டு, நீங்க நம்புறீங்களா என்று கேட்டாள், சாதாரணமாக, டீ குடிச்சாச்சா என்கிற மாதிரி. சுகிர்தம், பதிலை மனப்பாடம் பண்ணு, பேராயர் உன்னைத்தான் கேப்பாரு என்னை இல்லை என்று சொல்லிப் புத்தகத்தைப் புரட்டினாள். ஜெமிமா விடாமல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது கேளாதவர்களிடம் வாயால் பொய் சொல்லலாம், கையால் பொய் சொல்லலாம், முகத்தால் சொல்ல முடியாது. அன்றைக்குக் கண்டுபிடித்திருப்பாளோ என்று அவளுக்கு இன்னும் பயம்.

நம்பவில்லை என்றால் என்ன நம்பவில்லை, அதையே அவளால் ஒருவரிடமும் சொல்ல முடிந்ததில்லை. கடவுள் இல்லை என்று அவள் சொல்லவில்லை. இயேசுவைப் பிடிக்காமல் போகவில்லை, ஐயோ, அவரைப்போல அவளுக்குப் பிடித்த ஆளே கிடையாது. அவர் கடவுள் என்பதுதான் தொண்டையில் நிற்கிறது. மாடிவீட்டு ஜைனம்புவிடம் ஒரு தடவை சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தாள், அவள் சட்டென்று, "நீங்க அவரை நபின்னு வச்சுக்கிட்டா ஒரு குழப்பமும் இல்லயேக்கா, ஆண்டவனுக்குப் புள்ளகுட்டி எதுக்கு, பசி தாகம் எதுக்கு" என்றாள், ஒரு கணக்கு வாத்தியாரின் சுத்தத்தோடு. எதிர்வீட்டு உச்சிமாகாளி அம்மாவுக்கோ இது ஒரு விஷயமே இல்லை, "சாமின்னா வந்து பொறக்கத்தான் செய்யும், அடிபடத்தான் செய்யும், இதுல என்னட்டி ஆச்சரியம், எங்க வீட்டுலயும் படம் மாட்டியிருக்கோம்லா" என்றாள். எக்ஸ்சேஞ்சில் கூட வேலைபார்த்த கந்தவேல் எதையும் நம்பாதவர், எல்லாம் பின்னால் வந்தவர்கள் ஏற்றிவிட்டது, நல்ல மனுஷனைச் சாமியாக்கினால் அவன் சொன்னதைச் செய்யவேண்டியதில்லை பாருங்க, கும்பிட்டால் போதும் என்பார். மூன்று பேருடைய பதிலையும் அவள் வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டுப் பார்த்தாள். மூன்றும் அளவு சேராத செருப்பு. அவளுடையது கணக்கு இல்லை, கதை இல்லை, ஆராய்ச்சியும் இல்லை. அவளுடையது ஒரு கட்டில் கம்பி.

அதற்குப் போகாதே என்று மனசைப் பிடித்தாள், வேதவாசிப்பு நடந்துகொண்டிருக்கிறது, கை எங்கோ தடுமாறி ஒரு பெயரை விட்டுவிட்டது, யாரும் கவனிக்கவில்லை, தேவசகாயம் கவனித்தார், புருவத்தைத் தூக்கினார். கட்டில் கம்பி. அம்மாவுக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், மூக்கில் குழாய், கையில் ஊசி, அம்மா குழாயை இரண்டு தடவை பிடுங்கிப் போட்டுவிட்டாள். சுகிர்தம் கூட இருந்தவரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம்மா, வேண்டாம்மா என்று அந்தக் கைக்குள்ளேயே எழுதுவாள். நாலாம் நாள் காலையில் குளித்துச் சேலை மாற்றிவரலாம் என்று வீட்டுக்குப் போனாள். இரண்டரை மணி நேரம். குளித்தாள், இரண்டு இட்லி தின்றாள், அந்த இரண்டு இட்லியை எப்படித் தின்றோம். திரும்பி வந்தபோது அம்மாவின் இரண்டு மணிக்கட்டும் கட்டுத்துணியால் கட்டிலின் இரண்டு பக்கக் கம்பியிலும் கட்டியிருந்தது, கை இரண்டு பக்கமும் விரிந்து, உள்ளங்கை மேலே பார்த்து. உயிர் இல்லை. நர்ஸ் சின்னப்பெண், கெட்டவள் இல்லை, அழுதேவிட்டாள். "குழாயைப் புடுங்குதாங்கன்னு கட்டினோம்க்கா. கட்டினபொறகு ஒண்ணும் பண்ணல, விரலை மட்டும் ஆட்டிக்கிட்டே இருந்தாங்க, கடைசி வரைக்கும், வலிப்புன்னு நினைச்சோம்." வலிப்பு இல்லை. அம்மா பேசிக்கொண்டிருந்தாள். காது கேளாதவளின் கையைக் கட்டுவது வாயில் துணி அடைப்பது என்று அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும். ஒரு மணி நேரம், அதற்கு மேலும் இருக்கலாம், அம்மா விரல் நுனியால் மட்டும் பேசிக்கொண்டே இருந்திருக்கிறாள், பார்க்க ஆள் இல்லாமல். என்ன சொன்னாள். தண்ணீர் கேட்டாளா. சுகிர்தம் எங்கே என்றாளா. நான் என்று தொடங்கும் எதையோ சொல்லியிருப்பாள், அந்த நானைச் சொல்ல வேண்டிய வாய் அப்போது இட்லி தின்றுகொண்டிருந்தது.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் அப்போதிருந்த குருவானவர் வீட்டுக்கு வந்து ஆறுதல் சொன்னார், கர்த்தர் அந்த அறையில் அம்மாவோடு இருந்தார், அவருக்கு அந்த விரல் பாஷை புரியும் என்றார். சுகிர்தம், "இருந்தாரா ஐயா?" என்று கேட்டாள். "இருந்தாரும்மா." "அப்ப ஏன் கட்டை அவுத்துவிடல?" அவர், அது நமக்கு விளங்காத இரகசியம் என்றார், பிறகு காபி ஆறிவிட்டது என்றார். அவர் போனபிறகு அவள் வீட்டுச் சுவரில் இருந்த சிலுவைப் படத்தை உற்றுப் பார்த்தாள், கை இரண்டு பக்கமும் விரிந்து, உள்ளங்கை வெளியே பார்த்து. அம்மாவேதான். இயேசுவும் அந்த அறையில் இருந்திருக்கலாம், ஆமாம், ஆனால் அம்மாவைப்போலக் கட்டுண்டு இருந்திருந்தால் மட்டும்தான் அவரை மன்னிக்க முடியும், கட்டை அவிழ்க்க முடிந்தும் பார்த்துக்கொண்டு நின்றவர் என்றால் முடியாது. அவரைக் கைவிட மனசு வரவில்லை. அதனால் பழியிலிருந்து அவரைக் காப்பாற்ற அவரைக் கடவுள் வேலையிலிருந்து இறக்கிவிட்டாள், அவ்வளவுதான் நடந்தது. சிலுவையில் அவர் ஏன் என்னைக் கைவிட்டாய் என்று கத்தினாரே, அவர் கடவுளாக இருந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் அவருக்கே தெரியும், தெரிந்துகொண்டே கத்தினார் என்றால் அது நடிப்பு, மூன்று நாளில் எழுந்துவிடுவோம் என்று தெரிந்தவருக்கு அது என்ன சாவு, ஒரு நீண்ட வார இறுதி. அம்மாவுக்கு அது தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்கக் கூடாது. தெரியாமல் கத்தினார், தெரியாமல் செத்தார், மனுஷன், அதனால்தான் அவரை நினைத்தால் அவளுக்கு இன்றும் அழுகை வருகிறது. கடவுளுக்காக யார் அழுவார்கள்.

இதைக் குருவானவரிடம் சொன்னால் என்ன ஆகும், ஒன்றும் ஆகாது, திட்டமாட்டார், ஜெபிப்பார், அடுத்த ஞாயிறு இந்தத் தூணுக்கு அருகில் வேறு யாரையாவது நிறுத்துவார், அல்லது யாரையும் நிறுத்தமாட்டார். அம்மா போனபிறகு வீட்டில் கைக்குப் பேச ஆள் இல்லை. மேசைமேல் இரண்டு கையும் சும்மா கிடக்கும், சில சமயம் குழாயடியில் பாத்திரம் கழுவும்போது தானாக ஏதாவது சொல்லிப் பார்க்கும், பார்ப்பவர் இல்லாமல் தானே நின்றுவிடும். வாரத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம், இந்த எட்டுப் பேர். ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் நின்று அவர்கள் வம்பளப்பார்கள், யார் மருமகள் என்ன சொன்னாள், எந்தக் கடையில் பிரியாணி மோசம், அம்மாவின் அதே வேகத்தில், அம்மாவின் அதே கேலியோடு. அதற்காகத்தான் வருகிறாள். அவரைக் கடவுள் என்று கையால் சொல்லிவிட்டால் அந்த வேப்பமரத்தடி கிடைக்கும். கையைத்தானே கேட்கிறார்கள், கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று பதினோரு வருஷம் கொடுத்தாயிற்று.

"ஜெமிமா." பேராயர் கூப்பிட்டார். சுகிர்தம் திடுக்கிட்டுத் திரும்பினாள், பிள்ளை எழுந்து படியருகே வந்துவிட்டாள், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, வாயோரம் ஒரு சின்னச் சிரிப்போடு. குருவானவர் மைக்கைச் சுகிர்தத்தின் வாய்க்கு நேரே பிடித்தார், அவளுக்கு இரண்டு கையும் வேண்டுமே. பிதாவைப் பற்றி முதல் கேள்வி, கை கேட்டது, பிள்ளை பதில் சொன்னாள், 'விசுவாசிக்கிறேன்' என்று சுகிர்தம் மைக்கில் சொன்னாள், சரியாகப் போனது, சபையில் யாரோ ஒரு பெண் உச்சுக்கொட்டினாள். இரண்டாம் கேள்வி. பேராயர் நிறுத்தி நிதானமாகக் கேட்டார். "இயேசு கிறிஸ்து மெய்யான மனுஷர், மெய்யான தேவன் என்று நீ விசுவாசிக்கிறாயா?" உள்ளங்கை, உள்ளங்கை, மனுஷன், மேலே, நம்புகிறாயா. ஜெமிமா நம்புகிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. பாடத்தில் இல்லாததை அவள் சொல்லத் தொடங்கினாள், சந்தோஷத்தில், முகம் முழுக்க வெளிச்சமாக. எல்லாரும் வாயை அசைக்கிறார்கள், எனக்கு ஒன்றும் தெரியாது, சின்னதிலிருந்து அப்படித்தான். இவர் வாயை அசைக்கவில்லை. கையைக் காட்டினார். செத்து எழுந்தபிறகு, சந்தேகப்பட்ட சீஷனிடம் வந்து கையைத்தான் காட்டினார், பாரு என்று. உள்ளங்கை. உள்ளங்கை. ஓட்டை போட்ட கையால் பேசினார். எங்க ஆளு. அதனால் கடவுள். நம்புகிறேன்.

சுகிர்தம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளை தன் உள்ளங்கை இரண்டையும் விரித்து, மேலே பார்க்கத் திருப்பி, இரண்டு பக்கமும் நீட்டியிருந்தாள், முடித்துவிட்டாள், வாய்க்காகக் காத்திருந்தாள். மணிக்கட்டு மெலிந்த மணிக்கட்டு. துணி இல்லை. துணி இருந்தது. விரல் நுனி இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருக்கிறது, வலிப்பு இல்லை, வலிப்பு இல்லை, சொல்கிறாள், இரண்டரை மணி நேரமாகச் சொல்கிறாள், யாராவது சொல்லுங்கள், நான் என்று சொல்லு, அந்த நேரத்துக்கு அது என் வாய். மைக் வாயருகே குளிர்ந்திருந்தது. "இல்ல" என்று ஒரு குரல் ஆலயம் முழுக்கக் கேட்டது. "கட்டிப்போட்ட கை கடவுள் கையா இருக்க முடியாது. அவரு மனுஷன். எனக்கு அவரு மேல பாசம் உண்டு. ஆனா நான் விசுவாசிக்கல." தன் குரல்தான் என்று சுகிர்தத்துக்குத் தெரிய ஒரு மூச்சு நேரம் பிடித்தது.

மூன்றாம் வரிசையில் சேலை சரசரக்கும் சத்தம், மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டாள். ஜெமிமாவின் அம்மா "ஏசப்பா" என்று வாயைப் பொத்தினாள். பேராயர் சுகிர்தத்தைப் பார்க்கவில்லை, ஜெமிமாவைத்தான் பார்த்தார், மொழிபெயர்ப்பாளரைப் பார்க்கக் கூடாது, பேசினவரைத்தான் பார்க்கவேண்டும் என்று காலையில் அவளே அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். மிருதுவாக, "மகளே, நீ யோசிச்சுத்தான் சொல்லுறியா?" என்று கேட்டார். பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. சிரிப்பு அப்படியே நின்றுவிட்ட முகத்தோடு அவரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், நிற்கிற மாமியாரைப் பார்த்தாள், கடைசியில் சுகிர்தத்திடம், என்ன ஆச்சு, நான் தப்பாச் சொல்லிட்டேனா என்று கேட்டாள். அந்தக் கேள்வி ஈட்டியாகக் குத்தியது. குருவானவர் மைக்கைக் கீழே இறக்கிக் காதோரம், "அக்கா, கை சரியா வெளங்கலன்னு சொல்லிருங்க, ஒண்ணுமில்ல, திரும்பக் கேப்போம்" என்று கெஞ்சினார். சொல்லியிருக்கலாம். எவ்வளவு சின்னப் பொய், எல்லாரும் பெருமூச்சு விட்டிருப்பார்கள், வேப்பமரத்தடியும் மிஞ்சியிருக்கும். ஆனால் நம்புகிறேன் என்று சொன்ன கை நம்பவில்லை என்று விளங்குமா, அது என்ன மொழி, இந்தப் பிள்ளை என்ன சொன்னாலும் எப்படியும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடாதா, சாயர்புரத்துக்காரி பஸ் ஏறும்போது அதைத்தான் மனசில் கொண்டு போவாள், ஊமைப்பிள்ளை என்ன சொல்லிச்சோ யாருக்குத் தெரியும் என்று. அம்மா மூட்டை மாதிரி நின்ற ரேஷன் கடை அது. சுகிர்தம் குருவானவரின் கையோடு சேர்த்து மைக்கை மேலே இழுத்தாள். "ஐயா, அவ சொன்னது அது இல்ல. விசுவாசிக்கிறேன்னு சொன்னா. அவரு கையைக் காட்டிப் பேசினதால எங்க ஆளு, எங்க கடவுள்னு சொன்னா. நல்லாச் சொன்னா, தெளிவாச் சொன்னா." பேராயர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப விசுவாசிக்கலன்னு சொன்னது யாரும்மா?" "நான், ஐயா" என்றாள் சுகிர்தம். வாழ்நாளில் அந்த வார்த்தையை அவள் அதற்கு முன்னால் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள்.

குருவானவர் மைக்கை வாங்கிக்கொண்டு, "உக்காருங்கக்கா" என்றார், குரலில் கோபம்கூட இல்லை, எங்கே உட்கார என்று அவளுக்குத் தெரியவில்லை, அவளுக்கு அந்த ஆலயத்தில் நிற்கும் இடம்தான் உண்டு, உட்காரும் இடம் இல்லை. தூணடியிலேயே நின்றாள். பேராயர் ஜெமிமாவின் பக்கம் குனிந்தார். நடுவிரல் எது என்று தேடி, தட்டுத்தடுமாறி, தன் ஒரு உள்ளங்கையைத் தொட்டார், மறு உள்ளங்கையைத் தொட்டார், விரலை மேலே காட்டிப் புருவத்தைத் தூக்கினார். ஜெமிமா பளிச்சென்று தலையாட்டினாள், ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. சாயர்புரத்துக்காரி மெல்ல உட்கார்ந்தாள். முழங்கால் போட்ட பிள்ளையின் முக்காட்டின்மேல் பேராயரின் இரண்டு கையும் இறங்கின, சபை ஆமென் சொன்னது. சுகிர்தம் பழக்கத்தில் ஆமென்னுக்குக் கையைத் தூக்கினாள், பாதியில் இறக்கிவிட்டாள்.

பிரசங்கம் தொடங்கியது. ஏழு பேரும் பேராயரைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்தார்கள், கோயிலில் என்ன நடந்தது என்று தெரியாதவர்கள் அவர்கள் ஏழு பேரும் ஜெமிமாவும் மட்டும்தான், காது கேட்கிற முந்நூறு பேருக்கும் தெரிந்துவிட்டது. தேவசகாயம் இரண்டு கையையும் விரித்து, என்ன, சொல்லு என்றார். யாரும் அவளைச் சொல்லச் சொல்லவில்லை. சொல்லாமலும் விடலாம், வெளியே போய் அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம், அவர்களாக மெதுவாகத் தெரிந்துகொள்வார்கள். சுகிர்தம் கையைத் தூக்கினாள். உள்ளங்கை, உள்ளங்கை. மனுஷன். பிறகு விரல் மேலே போகவில்லை, தன் நெஞ்சைத் தொட்டாள், நம்பவில்லை, அவள் இல்லை, நான். தேவசகாயம் அவளை நேராகப் பார்த்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அது ஒன்றுதான் அவளுக்குத் தாங்கவில்லை, பார்வை மங்கியது, புறங்கையால் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பும்போது முன்வரிசையில் வெள்ளை முக்காடு ஒன்று முழுதாகப் பின்னால் திரும்பியிருப்பதைக் கண்டாள். பிரசங்கத்தின்போது திரும்பக் கூடாது என்று மூன்று மாசம் சொல்லிக்கொடுத்தும் ஜெமிமா திரும்பி உட்கார்ந்திருந்தாள், எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். மடிக்கு மேலே சின்னதாகக் கை அசைத்துக் கேட்டாள். ரொம்ப நாளாவா? சுகிர்தம், ஆமாம் என்றாள். ஏன் என்று கேட்பாள் என்று எதிர்பார்த்து அந்த நீண்ட பதிலுக்குக் கையைத் தயாராக வைத்தாள். ஜெமிமா அதைக் கேட்கவில்லை. ஒரு விரலை மட்டும் உயர்த்தி, புருவத்தைச் சுருக்கி, அத்தனை நாளும் தனியாவா என்று கேட்டாள்.